ஒன்றுக்கு ஒன்று: மேசைக் கணினியில் செயலி – நினைவக வேக இசைவு குறித்த ஒரு வரலாற்று நோக்கு (1984–2022)

ஆய்வுச்சுருக்கம்

மேசைக் கணினியின் செயலியை அதன் உற்பத்தியாளர் குறித்த வேகத்தைக் கடந்து இயக்கும் வழக்கம், பெரும்பாலும் செயலியின் கதையாகவே சொல்லப்படுகிறது. அவ்வழக்கத்தின் எல்லையை ஒவ்வொரு காலத்திலும் வகுத்ததில் நினைவகத்திற்கு இருந்த பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது. 'நினைவகமும் பாட்டையும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓட வேண்டும்' என்ற நடைமுறை விதி நிலையான தொழில்நுட்ப உண்மையும் அன்று, வெறும் மூடப்பழக்கமும் அன்று. மூன்று காலங்களில் மூன்று வேறு காரணங்களால் அது உண்மையாக இருந்தது என்பதும், இடைக்காலத்தில் காரணம் நீங்கிய பின்னும் விதி நீடித்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: செயலி, நினைவகம், பாட்டை, பெருக்கி, வகுப்பி, தாமதம், துடிப்பேற்றம்

முன்னுரை

கணினியின் செயலியும் நினைவகமும் கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குவன. அத்துடிப்பை நிர்ணயித்த அளவுக்கு மேல் உயர்த்துவதையே ஓவர்கிளாக்கிங் என்கிறோம். இக்கட்டுரை அதனைத் துடிப்பேற்றம் எனக் குறிக்கிறது. 'மிகை' என்ற முன்னொட்டைச் சேர்த்தால் அச்சொல் தனக்குள்ளேயே ஒரு தீர்ப்பைச் சுமந்துவிடும் என்பதால் அதனைத் தவிர்த்துள்ளேன். செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே தரவு செல்லும் தடத்தைப் பாட்டை என்றும், பாட்டையின் துடிப்பை எத்தனை மடங்காக்கிச் செயலி ஓடுகிறது என்பதைக் காட்டும் எண்ணைப் பெருக்கி என்றும், நினைவகத்தின் துடிப்பைப் பாட்டையிலிருந்து பிரித்தெடுக்கும் விகிதத்தை வகுப்பி என்றும் இங்கு வழங்குகிறேன்.

துடிப்பேற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் 'இந்தச் செயலி எவ்வளவு தூரம் சென்றது?' என்ற வினாவிலேயே நின்றுவிடுகின்றனர். 'எது அதனை நிறுத்தியது?' என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது.

ஒரே படிகத்தின் காலம்

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றின் துடிப்பை மூன்றால் வகுத்துப் பெற்ற வேகம் அது. செயலியும் விரிவாக்கப் பாட்டையும் அந்த ஒரே துடிப்பில் இயங்கின. வேகங்களை இசைவிப்பது என்ற சிக்கலே அங்கு எழவில்லை. இசைவிப்பதற்கு இரண்டு வேகங்கள் இல்லை.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் நிலை சற்று மாறியது. 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பைப் பாதியாக்கி 80286 செயலி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. படிகம் செருகியில் பொருத்தப்பட்டிருந்ததால் பயனர்கள் அதனைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை வைத்து 8 மெகாஹெர்ட்ஸ் பெற்றனர். அதற்கு மேலும் சென்றோர் உண்டு. செயலி தாங்கியதால் மட்டும் இது இயன்றது என்று கொள்வது முழு விளக்கமாகாது. ஏடியில் நினைவகத்தை ஒருமுறை அணுக இரண்டு துடிப்புகளோடு ஒரு காத்திருப்புத் துடிப்பும் சேர்த்து மூன்று துடிப்புகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 6 மெகாஹெர்ட்ஸில் இது 500 நானோநொடி. 8 மெகாஹெர்ட்ஸில் 375 நானோநொடி. அதில் இருந்த நினைவகச் சில்லுகளின் அணுகுநேரமோ 150 நானோநொடி. வடிவமைப்பாளர் விட்டுவைத்த இந்த இடைவெளியைத்தான் பயனர்கள் செலவழித்தனர். பின்னர் வந்த மாதிரிகளின் தொடக்கநிலை மென்பொருளில், 6 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும் வேகத்தைக் கண்டறிந்து இயக்கத்தை மறுக்கும் சோதனையை ஐபிஎம் சேர்த்தது. 1986இல் அந்நிறுவனமே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். எந்த வேகம் 'இயல்பானது' என்பதை வகுத்ததில் இயற்பியலோடு விலைப்பட்டியலும் பங்கேற்றது.

1992இல் இன்டெல் வெளியிட்ட 486டிஎக்ஸ்2 செயலி, பாட்டையைப்போல் இருமடங்கு வேகத்தில் உள்ளே இயங்கியது. பாட்டை 33 மெகாஹெர்ட்ஸில் நிற்க, செயலி 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பெருக்கி என்ற எண் மேசைக் கணினிக்குள் இவ்வாறு நுழைந்தது. செயலியின் வேகம் நினைவகத்தின் வேகத்தை விட்டு விலகிச் செல்வதை வல்ஃப், மெக்கீ என்னும் ஆய்வாளர் இருவர் 1995இல் 'நினைவகச் சுவர்' என்ற தொடரால் குறித்தனர். துடிப்பேற்றம் செய்தோர் அச்சுவரைக் கோட்பாடாக அறிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் அதில் நேரடியாகவே மோதினர்.

பெருக்கி பூட்டப்பட்டதும் நினைவகம் முன்னுக்கு வந்ததும்

பென்டியம் காலத்தில் தாய்ப்பலகையிலுள்ள சிறு இணைப்பிகளை மாற்றிப் பெருக்கியை உயர்த்த முடிந்தது. அவ்வழியில் நினைவகம் தொடப்படுவதில்லை. செயலி மட்டும் வேகமெடுக்கும். 1998 அளவில் இன்டெல் தன் செயலிகளில் பெருக்கியைப் பூட்டியது. குறைவேகச் செயலிகளின் முத்திரையை மாற்றி உயர்வேகமென விற்ற வணிகரைத் தடுப்பதும் இதன் நோக்கங்களுள் ஒன்று. இதன் எதிர்பாராத விளைவே இவ்வரலாற்றின் திருப்புமுனை. பெருக்கி கைவிட்டுப் போனபின் செயலியை வேகமாக்க எஞ்சிய ஒரே வழி பாட்டையின் துடிப்பை உயர்த்துவது. பாட்டை உயர்ந்தால் அதனோடு கட்டுண்ட நினைவகமும் உயர வேண்டும். துடிப்பேற்றம் நினைவகத்தின் சிக்கலாக மாறியது இந்தப் பூட்டினால்தான் என்பது என் கருத்து.

1998 ஆகஸ்டில் வெளிவந்த செலரான் 300ஏ இதற்குச் சிறந்த சான்று. அதன் பெருக்கி 4.5, பாட்டை 66 மெகாஹெர்ட்ஸ், வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அதே ஆண்டில் முன்னர் வந்திருந்த 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையைத் தாங்கியது. பாட்டையை 100க்கு உயர்த்தினால் மலிவு வகைச் செயலி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடி, உயர்விலைப் பென்டியம் II 450உடன் போட்டியிட்டது. தாய்ப்பலகை தானாக 66ஐத் தேர்ந்தெடுக்கும் இடங்களில், செயலி அட்டையின் பி21 என்ற முள்ளை ஒட்டுநாடாவால் மறைத்து அதனை ஏமாற்றும் உத்தியும் பரவியது. செலரானின் 128 கிலோபைட் இரண்டாம்நிலைக் கேஷ் செயலிச் சில்லின் உள்ளேயே முழு வேகத்தில் இயங்கியது இந்த வெற்றிக்கு ஒரு காரணம்.

ஆனால் பாட்டைக்கு ஏன் 83 அன்றி 100? இங்குதான் துணைப் பாட்டைகளின் கணக்கு வருகிறது. பிசிஐ பாட்டை 33 மெகாஹெர்ட்ஸை எதிர்பார்த்தது. 66ஐ இரண்டால் வகுத்தாலும் 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33 கிடைக்கும். 83ஐ இரண்டால் வகுத்தால் 41.5. அந்த வேகத்தில் வன்தட்டுக் கட்டுப்படுத்திகள் தடுமாறித் தரவு சிதையும் ஆபத்து இருந்தது. 66இலிருந்து 100க்குப் பாய்வது, 83க்கு நடந்து செல்வதைவிடப் பாதுகாப்பானதாக இருந்த விந்தை இது.

440பிஎக்ஸில் நினைவகத்திற்கெனத் தனி வகுப்பி கிடையாது. பாட்டை 100 என்றால் நினைவகமும் 100. எனவே மலிவுச் செயலி வாங்கியவர், அந்நாளில் புதிதாக வந்திருந்த பிசி100 நினைவகத்தை வாங்க வேண்டும். அல்லது கையிலிருந்த பழைய நினைவகம் தாங்குமா என்று பரிசோதிக்க வேண்டும். செயலியில் மிச்சப்பட்ட பணத்தின் ஒரு பகுதி நினைவகத்திற்குச் சென்றது. 'ஒன்றுக்கு ஒன்று' என்பது இக்கட்டத்தில் விதியாகக்கூட இருக்கவில்லை. மீறுவதற்கு வழி இல்லாத ஒன்றை எவரும் விதி என்று அழைப்பதில்லை.

வகுப்பியின் வருகை: விதி பிறந்த காலம்

1999இல் விஐஏ நிறுவனத்தின் அப்பல்லோ புரோ133 சிப்செட், பாட்டையைவிட 33 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகவோ குறைவாகவோ நினைவகத்தை ஓட்ட இடமளித்தது. தேர்வு பிறந்தது, தேர்வு பிறந்தபின்தான் விதியும் பிறந்தது.

இரு துடிப்புகள் வேறுபடும்போது என்ன நிகழ்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பாட்டை 250 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 200 மெகாஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். பாட்டைக்கு 4 நானோநொடிக்கு ஒரு துடிப்பு. நினைவகத்திற்கு 5 நானோநொடிக்கு ஒன்று. இவ்விரண்டின் விளிம்புகள் 20 நானோநொடிக்கு ஒருமுறைதான் ஒன்றுசேரும். இடையில் வந்து சேரும் தரவு, மறுபக்கத்தின் அடுத்த விளிம்பு வரும்வரை சிப்செட்டில் காத்திருக்கும். ஒரே துடிப்பாயின் இந்தக் காத்திருப்பு இல்லை. ஆகவே 'ஒன்றுக்கு ஒன்று' என்பதன் முதற்பொருள் தாமதம் குறித்தது. கடத்தளவு குறித்த பொருள் இரண்டாவது.

இரண்டாவது பொருள் மிகத் தெளிவாக வெளிப்பட்டது ஏஎம்டியின் அத்லான் எக்ஸ்பி மேடையில். 166 மெகாஹெர்ட்ஸ் பாட்டை துடிப்பொன்றுக்கு இருமுறை தரவு கடத்தும். அதன் கடத்தளவு நொடிக்கு 2.7 ஜிகாபைட். டிடிஆர்333 நினைவகத்தின் ஒற்றைத் தடமும் சரியாக அதே 2.7 ஜிகாபைட் தரும். நினைவகத்தை மட்டும் டிடிஆர்400க்கு உயர்த்தினால் நினைவகப் பக்கம் 3.2 ஜிகாபைட் கிடைக்கும். ஆனால் பாட்டை வழியே 2.7க்கு மேல் போகாது. கூடுதல் கடத்தளவு வீணாகும். துடிப்பு வேறுபாட்டால் தாமதம் மட்டும் சேரும். வேகமான நினைவகம் கணினியை மெதுவாக்கியது என்று அந்நாளில் பலர் வியந்ததன் விளக்கம் இதுவே. 2003இல் வந்த பார்ட்டன் வகை 2500+ செயலியின் பெருக்கி 11. வேகம் 1833 மெகாஹெர்ட்ஸ். என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 சிப்செட்டில் பாட்டையையும் நினைவகத்தையும் சேர்த்தே 200க்கு உயர்த்தினால் 2200 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அது அதே ஆண்டின் உயர்நிலைச் செயலியான 3200+இன் வேகமும் பாட்டையும் ஆகும். விதி தன் முழு வலிமையோடு நின்ற இடம் இதுதான்.

இன்டெலின் பென்டியம் 4 மேடை வேறு திசையில் சென்றது. 2000 நவம்பரில் அது வெளியானபோது அதன் பாட்டை துடிப்பொன்றுக்கு நான்குமுறை கடத்தி நொடிக்கு 3.2 ஜிகாபைட் அளித்தது. இணைந்து வந்த 850 சிப்செட்டின் இருதட ராம்பஸ் நினைவகமும் 3.2 ஜிகாபைட். காகிதத்தில் இதைவிட அழகான இசைவு இல்லை. நினைவகத்தின் விலைதான் அதனைக் கெடுத்தது. 2001இல் விலையைக் குறைக்க வந்த 845 சிப்செட் முதலில் பிசி133 நினைவகத்தையே ஏற்றது. அதன் கடத்தளவு ஏறத்தாழ 1.06 ஜிகாபைட், அதாவது பாட்டையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மேடையில் செயலியை எவ்வளவு உயர்த்தினாலும் நினைவகத்தை நாடும் பணிகளில் பலன் சிறிதே.

2003இல் 865, 875 வரிசைச் சிப்செட்டுகள் இருதட டிடிஆர்400உடன் வந்து இசைவை மீட்டன. பாட்டையும் நினைவகமும் தலா 6.4 ஜிகாபைட். இங்கு 5:4 என்ற வகுப்பி புகழ்பெற்றது. பெருக்கி 12 கொண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4இல் பாட்டையை 200இலிருந்து 250க்கு உயர்த்தினால் 3.0 கிகாஹெர்ட்ஸ். ஒன்றுக்கு ஒன்று வேண்டுமாயின் 250 மெகாஹெர்ட்ஸில் ஓடும் உயர்விலை நினைவகம் தேவை. 5:4 வைத்தால் நினைவகம் 200இலேயே நிற்கும். சாதாரண டிடிஆர்400 போதும். வகுப்பியைப் பயன்படுத்தியவரை விதியறியாதவராகக் கருதும் போக்கு அன்று இருந்தது. ஆனால் செயலியில் 25 விழுக்காடு உயர்வைப் பெற்று நினைவகத்தில் சிறு இழப்பை ஏற்பது, பணம் குறைந்தவருக்கு முற்றிலும் பகுத்தறிவான முடிவு. விதியைக் கடைப்பிடிப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும், அதனை எல்லோரும் செலுத்த இயலாது என்பதையும் வகுப்பியின் வரலாறு காட்டுகிறது.

2006இன் கோர் 2 டுவோ இதனை இன்னும் கூர்மையாக்கியது. இ6300 செயலியின் பெருக்கி 7, பாட்டை 266. இ6600இன் பெருக்கி 9. இரண்டையும் 2.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுசெல்ல முற்பட்டால், விலை கூடிய இ6600க்குப் பாட்டை 311 போதும். விலை குறைந்த இ6300க்கு 400 வேண்டும். 400 மெகாஹெர்ட்ஸ் பாட்டையைத் தாங்கும் தாய்ப்பலகையும், அதற்கு ஒன்றுக்கு ஒன்றாக இசையும் டிடிஆர்2-800 நினைவகமும் அந்த மலிவுச் செயலிக்கே கட்டாயமாயின. எட்டாண்டுகளுக்கு முன் செலரானில் கண்ட அதே கணக்கு: செயலியில் மிச்சம், மற்றவற்றில் செலவு.

காரணம் நீங்கிய பின்

காலவரிசையில் சற்றுப் பின்னே செல்ல வேண்டியுள்ளது. 2003 செப்டம்பரில் வந்த அத்லான் 64, நினைவகக் கட்டுப்படுத்தியைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தது. நினைவகத்தின் துடிப்பு இப்போது பாட்டையிலிருந்து அன்றி, செயலியின் துடிப்பை ஒரு முழு எண்ணால் வகுத்தே பெறப்பட்டது. அடிப்படைத் துடிப்பை 240ஆக உயர்த்தி, பெருக்கி 10இல் செயலியை 2400 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, நினைவக அமைப்பை 'டிடிஆர்333' என வைத்தால் வகுஎண் 12 ஆகும். நினைவகம் சரியாக 200இல் ஓடும். எந்த அமைப்பில் வைத்தாலும் நினைவகத் துடிப்பு செயலித் துடிப்பின் பிள்ளையே. முன்னர் சொன்ன விளிம்புக் காத்திருப்பு இங்கு இல்லை. ஆயினும் 'ஒன்றுக்கு ஒன்று' வைக்க வேண்டும் என்ற அறிவுரை இம்மேடைக்கும் தொடர்ந்து வழங்கப்பட்டது. விதி காரணத்தைக் கடந்து வாழ்ந்தது.

முழு எண் வகுத்தலுக்கு அதற்கே உரிய கோணல் ஒன்றும் இருந்தது. 2006இல் டிடிஆர்2 ஏற்ற மாதிரிகளில், 2.4 கிகாஹெர்ட்ஸ் செயலியில் 2400ஐ 6ஆல் வகுக்க 400. நினைவகம் முழு டிடிஆர்2-800 வேகம் பெறும். அதைவிட விலை கூடிய 2.6 கிகாஹெர்ட்ஸ் 5000+ செயலியில் 6ஆல் வகுத்தால் எல்லை மீறும் என்பதால் 7ஆல் வகுக்க நேர்ந்தது. நினைவகம் 371 மெகாஹெர்ட்ஸில் நின்றது. கூடுதல் பணம் கொடுத்தவருக்கு மெதுவான நினைவகம். இதனைச் சீர்செய்ய அடிப்படைத் துடிப்பைச் சற்றே உயர்த்தியவர்கள் வேகத்தைத் தேடியவர்கள் என்பதைவிட, வாங்கிய நினைவகத்தின் முழுப் பயனைக் கோரியவர்கள் என்பதே பொருந்தும்.

இன்டெல் 2008 நவம்பரில் நெஹலம் வடிவமைப்பில் இதே வழிக்கு வந்தது. அங்கு வேறொரு நிபந்தனை: செயலியின் கருவுக்குப் புறம்பான பகுதி, நினைவகத்தின் தரவு கடத்தும் வேக எண்ணின் (அதாவது டிடிஆர் பெயரில் உள்ள எண்ணின்) இருமடங்குக்குக் குறையாமல் ஓட வேண்டும். 2011இன் சாண்டி பிரிட்ஜ், 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்போடு ஏறக்குறைய எல்லாவற்றையும் பிணைத்தது. அதனைச் சில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாமற்போனது. பெருக்கி திறந்த கே வகைச் செயலிகள் தனி விலைக்கு விற்கப்பட்டன. 1998இல் பூட்டப்பட்ட பெருக்கி இப்போது விலைக்குத் திறக்கப்பட்டது. செயலியும் நினைவகமும் தனித்தனியே உயர்த்தப்பட்டன. இசைவு என்ற பேச்சும் சில ஆண்டுகள் அடங்கியது.

நானோநொடியின் நிலைத்தன்மை

இவ்விடத்தில் துடிப்பெண்களை விட்டு நேரத்தை நோக்குவது பயன்தரும். சிஎல் என்ற எண், நினைவகம் ஒரு வேண்டுகோளுக்குப் பின் எத்தனை துடிப்புகள் கழித்துத் தரவைத் தரத் தொடங்கும் என்பதைக் காட்டும். சிஎல்2 கொண்ட பிசி100 நினைவகத்தில் அது 20 நானோநொடி. சிஎல்2 டிடிஆர்400இல் 10; சிஎல்4 டிடிஆர்2-800இல் 10; சிஎல்9 டிடிஆர்3-1600இல் 11.25; சிஎல்16 டிடிஆர்4-3200இல் 10; சிஎல்30 டிடிஆர்5-6000இலும் 10. பெயரில் உள்ள எண் 400இலிருந்து 6000 ஆயிற்று. முதல் தரவு வரும் நேரம் அசையவில்லை. 450 மெகாஹெர்ட்ஸ் செலரானுக்கு 20 நானோநொடி என்பது 9 துடிப்புகள். 4.5 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு 10 நானோநொடி என்பது 45 துடிப்புகள். செயலி பத்து மடங்கு வேகமானபோது அதன் காத்திருப்பு ஐந்து மடங்கு நீண்டது. துடிப்பெண்ணை மட்டும் பார்த்து நினைவகம் வாங்கியோர் இவ்வட்டவணையைப் போட்டுப் பார்த்திருந்தால் பல செலவுகள் தவிர்ந்திருக்கும். மறுபுறம், உயர்துடிப்பு வெற்று விளம்பரம் என்பதும் சரியன்று; கடத்தளவு உண்மையிலேயே உயர்ந்தது.

விதியின் மறுவரவு

2017 மார்ச்சில் வந்த ரைசன் செயலிகளில், கருக்கள் நான்கு நான்காகப் பிரிந்து இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உள்தடத்தால் இணைக்கப்பட்டிருந்தன. அத்தடத்தின் துடிப்பு நினைவகத்தின் துடிப்பே. டிடிஆர்4-2133இல் தடம் 1067 மெகாஹெர்ட்ஸில் ஓடும், டிடிஆர்4-3200இல் 1600. ஆகவே நினைவகத்தை உயர்த்தியவர் நினைவகத்தை மட்டும் உயர்த்தவில்லை; கருக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியையும் உயர்த்தினார். 440பிஎக்ஸ் காலத்தைப் போலவே இங்கும் இசைவு தேர்வன்று, கட்டமைப்பு.

2019 ஜூலையில் வந்த ரைசன் 3000 வரிசை அப்பிணைப்பைத் தளர்த்தியது. டிடிஆர்4-3600 வரை தடம், கட்டுப்படுத்தி, நினைவகம் மூன்றும் 1800இல் ஒன்றாக ஓடும். அதற்கு மேல் சென்றால் கட்டுப்படுத்தி தானாக நினைவகத்தின் பாதித் துடிப்புக்கு இறங்கித் தாமதம் கூடும். எனவே டிடிஆர்4-4000ஐவிட டிடிஆர்4-3600 பல பணிகளில் மேலானதாக அமைந்தது. அத்லான் எக்ஸ்பியின் பாடம் பதினாறு ஆண்டுகள் கழித்து வேறு உறுப்புகளோடு திரும்பியது. 2021இல் இன்டெலின் ராக்கெட் லேக்கும் இதே தேர்வைக் கியர் 1, கியர் 2 என்ற பெயர்களில் பயனர் கையில் கொடுத்தது.

பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். 2003இல் ஒன்றுக்கு ஒன்று எனில் பாட்டையும் நினைவகமும். 2019இல் தடம், கட்டுப்படுத்தி, நினைவகம் ஆகிய மூன்றும். 2022இன் ரைசன் 7000 வரிசையில் டிடிஆர்5-6000 வைத்தால் கட்டுப்படுத்தியும் நினைவகமும் 3000இல் ஒன்றாக ஓட, தடம் 2000இல் தனியே ஓடும். அதுவே அம்மேடையின் நல்ல அமைப்பாக ஏற்கப்பட்டது.

கணினியின் வேகங்களைக் காட்டும் சிபியு-இசட் என்ற மென்பொருளில் 'எஃப்எஸ்பி : டிராம்' என்றொரு கட்டம் உண்டு. பென்டியம் 4இல் அது 5:4 எனக் காட்டியது. அத்லான் 64இல் 'சிபியு/12' எனக் காட்டியது. முன்புறப் பாட்டை மேசைக் கணினியிலிருந்து மறைந்த பின்னும் அக்கட்டம் நீடித்தது. டிடிஆர்4-3600உடன் நன்கு இசைந்து ஓடும் ரைசன் கணினியில் அது 3:54 என்று காட்டும். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்புக்கும் 1800 மெகாஹெர்ட்ஸ் நினைவகத்திற்கும் உள்ள விகிதம் அது. முன்னர் இசைவைக் காட்டிய அக்கட்டம் இப்போது இசைவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.